ஆமாம், நான் டப்பா பொறுக்கிதான்!

டிஸ்கி: இது மொக்கைப் பதிவு அல்ல. கொஞ்சம் காரமா இருக்கும். உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான்.

கோல்ஃப் ஆடுறவனை யாரும் எதுவும் கேக்குறதில்லை. நாலு மணி நேரம் வெயில்ல நடந்து, ஒரு சின்னப் பந்தை பதினெட்டு குழிக்குள்ள தள்ளிட்டு வர்றான். பந்து அவனுதுதான், குழிக்குள்ள போட்டதும் அவன்தான், திரும்ப எடுக்குறதும் அவன்தான். "இதனால உனக்கு என்ன கிடைச்சுது?"ன்னு ஒரு பய கேக்க மாட்டான். மீன் பிடிக்கிறவன் பிடிச்ச மீனை மறுபடி தண்ணியில விட்டுட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வர்றான். அவனையும் கேக்க மாட்டாங்க. ஆனா நான் ஒரு டப்பாவைத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கிற காகிதத்துல பேரை எழுதிட்டு, இருந்த இடத்துலயே வச்சுட்டு வந்தா மட்டும் ஊரே கூடி விசாரணைக் கமிஷன் வைக்குது.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். விளையாட்டு பேரு ஜியோகேஷிங். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளிச்சு வச்சுட்டு அதோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போடுவார். நாம ஜிபிஎஸ் வச்சு அந்த இடத்துக்குப் போகணும். ஜிபிஎஸ் ஒரு சில மீட்டர் வரைக்கும்தான் கொண்டு விடும், அதுக்கப்புறம் கண்ணும் மூளையும்தான். டப்பா கிடைச்சா உள்ள இருக்கிற சின்ன நோட்டுல கையெழுத்து. சின்னச் சின்ன சாமான் ஏதாவது இருந்தா ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை வைக்கலாம். அப்புறம் டப்பாவை இருந்தபடியே ஒளிச்சு வச்சுட்டு வந்துடணும். அவ்வளவுதான்.

இதோட பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தோட சொத்து. பொதுமக்களுக்குக் கிடைச்ச சிக்னல்ல வேணும்னே பிழையைக் கலந்துதான் கொடுத்துட்டு இருந்தாங்க. நூறு மீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு காட்டும். 2000 மே 1-ம் தேதி ராத்திரி கிளின்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. ஒரே ராத்திரியில உலகத்துல இருந்த அத்தனை ஜிபிஎஸ் கருவியும் பத்து மடங்கு துல்லியமாயிடுச்சு. மே 3-ம் தேதி டேவ் அல்மர்ங்கிற கம்ப்யூட்டர் ஆசாமி, ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக் பக்கத்துல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை ஒளிச்சு வச்சு, யூஸ்நெட்ல எண்களைப் போட்டார். வாளிக்குள்ள புத்தகம், மென்பொருள், கொஞ்சம் காசு, ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின். மைக் டீக்ங்கிறவர் முதல்ல கண்டுபிடிச்சார். ஏவுகணையைக் குறி பார்த்து இறக்குறதுக்காகக் கட்டின ஏற்பாடு கைக்கு வந்த ரெண்டாவது நாளே, மனுஷன் அதை வச்சு கண்ணாமூச்சி ஆட ஆரம்பிச்சான். மனுஷ ஜாதி மேல எனக்கு நம்பிக்கை குறையும்போதெல்லாம் இதை ஒரு தடவை நினைச்சுக்குவேன்.

இன்னிக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல டப்பாக்கள் இருக்கு. அண்டார்டிகாவையும் விட்டு வைக்கலை.

சரி, மேட்டருக்கு வருவோம். என் மேல, அதாவது எங்க மேல, நாலு குற்றச்சாட்டு. ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

குற்றச்சாட்டு 1: "சின்னப்புள்ளத்தனமா இருக்கு பாஸ்"

இதைச் சொல்றது பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான். இங்க போர்ட்லாந்துல தமிழ்க் குடும்பங்கள் கூடுற எந்த விருந்துலயும் பேச்சு மூணு இடத்துலதான் சுத்தும். வீட்டு விலை, க்ரீன் கார்டு, பிள்ளைங்க படிப்பு. நடுவுல நான் போன வாரம் ஒரு பாலத்துக்கு அடியில மூணு மணி நேரம் தேடினேன்னு சொன்னா, இட்லித் தட்டோட நின்னுட்டு இருக்கிறவர் முகத்துல ஒரு பரிதாபம் வரும் பாருங்க. "உங்களுக்கு நிறைய டைம் இருக்கு போல." இதை விட நாசூக்கா ஒருத்தனை வெட்டின்னு சொல்ல முடியாது.

எனக்கு ஒண்ணு புரியுது. பொழுதுபோக்குன்னா நம்ம அகராதியில அதுக்கு ஒரு ரசீது இருக்கணும். ஜிம்முக்குப் போனா உடம்பு. கோல்ஃப் ஆடினா மேனேஜரோட பழக்கம். மாரத்தான் ஓடினா கழுத்துல மெடல். போட்டோ எடுத்தா லென்ஸ் விலையைச் சொல்லிக்கலாம். இதுல எதுவுமே இல்லை. டப்பா தேடுறதுக்கு கையில இருக்கிற போன் போதும். கிடைச்சா ஒரு கையெழுத்து, கிடைக்கலைன்னா அதுவும் கிடையாது. செலவும் இல்லை, வருமானமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. அந்தஸ்து இல்லாத சந்தோஷத்தை நம்ம ஆளுங்க சந்தோஷம்னு ஒத்துக்கவே மாட்டாங்க.

இதுல அடி வாங்குறது பிள்ளைங்க. இங்க வளர்ற நம்ம பிள்ளைங்களோட வார இறுதியைப் பார்த்திருக்கீங்களா? சனிக்கிழமை காலை கணக்கு வகுப்பு, மதியம் பரதநாட்டியம், சாயங்காலம் நீச்சல். ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஸ்பெல்லிங் பீ பயிற்சி. எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா எல்லாத்துக்கும் ஒரு லெவல் இருக்கு, ஒரு சர்டிபிகேட் இருக்கு, மேடை இருக்கு. ஒரு தடவை நண்பர் ஒருத்தரோட பையனையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போனேன். ஒன்பது வயசு. காட்டுப் பாதையில ரெண்டு மைல். விழுந்து கிடந்த மரத்தோட பொந்துக்குள்ள அவனேதான் டப்பாவைக் கண்டுபிடிச்சான். கையெழுத்துப் போட்டுட்டு அவன் கேட்ட முதல் கேள்வி: "அங்கிள், நான் எத்தனாவதா வந்தேன்?"

எத்தனாவதும் இல்லடா கண்ணா, கண்டுபிடிச்சாச்சு, அவ்வளவுதான்னு சொன்னேன். அவனுக்குப் புரியவே இல்லை. யோசிச்சுக்கிட்டே வந்தான். எது சின்னப்புள்ளத்தனம்னு நீங்களே சொல்லுங்க. நான் டப்பா தேடுறதா, இல்லை ஒன்பது வயசுப் பையனை ரேங்க் இல்லாம ஒரு மரத்தைக்கூடப் பார்க்கத் தெரியாத மாதிரி வளர்க்குறதா?

குற்றச்சாட்டு 2: "காட்டுல குப்பை போடுறீங்க"

இது கொஞ்சம் கனமான குற்றச்சாட்டு. அதனால நேர்மையாவே பதில் சொல்லணும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் ஆரம்பத்துலேர்ந்தே இதை ஒத்துக்கலை. பூங்காவுக்குள்ள ஒரு பொருளை விட்டுட்டு வந்தா அது கைவிடப்பட்ட பொருள், விதிமீறல்னு சொன்னாங்க. அல்மரோட முதல் வாளியே பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சுதான் இருந்துச்சு, அதனால தோண்டிடுவாங்களோங்கிற பயமும் சேர்ந்துக்கிச்சு. அந்தப் பயம் நியாயமானது. விளையாட்டு அதுக்குப் பதில் சொல்லியும் இருக்கு. ஒளிக்கிறதுக்கோ எடுக்கிறதுக்கோ குழி தோண்டக் கூடாதுங்கிறது இன்னிக்கு அடிப்படை விதி. நிலத்தோட சொந்தக்காரர் அனுமதி வேணும். ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் குறைஞ்சது 161 மீட்டர் இடைவெளி வேணும். வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு தன்னார்வலர் இதையெல்லாம் சரி பார்க்கணும். 2002-லேர்ந்து டப்பா தேடப் போற இடத்துல குப்பையையும் பொறுக்கிட்டு வர்றதுன்னு ஒரு வழக்கம் இருக்கு, அதுக்குன்னே நாள் குறிச்சுக் கூடுவாங்க. என் பையில எப்பவும் ஒரு குப்பைப் பை இருக்கும். பீர் டின், சிப்ஸ் கவர், பிறந்தநாள் பலூன், சிகரெட் துண்டு. நாங்க விட்டுட்டு வர்றதை விட அள்ளிட்டு வர்றது ஜாஸ்தி.

ஆனா எங்க பக்கமும் அழுக்கு இருக்கு. அதை மறைச்சுட்டு வக்காலத்து வாங்க எனக்கு இஷ்டமில்லை. நெவாடால ஏலியன் நெடுஞ்சாலைன்னு பேர் வச்ச ஒரு ரோடு இருக்கு. அதோட ஓரத்துல பத்துல ஒரு மைலுக்கு ஒண்ணுன்னு ஆயிரத்துக்கும் மேல டப்பாக்களை வரிசையா வச்சாங்க. ஜனங்க கார்ல போய் நிறுத்தறது, இறங்கறது, கையெழுத்துப் போடறது, ஏறறது, மறுபடி நிறுத்தறது. ஒரே நாள்ல நூத்துக்கணக்குல எண்ணிக்கை ஏத்திட்டாங்க. 2011-ல அந்த மாநிலப் போக்குவரத்துத் துறை, சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்துன்னு சொல்லி அகற்றச் சொன்னது. சரியாத்தான் சொன்னாங்க. அது தேடலும் இல்லை, நடையும் இல்லை. அதே மாதிரி, டப்பாவை வச்சுட்டு ரெண்டு வருஷம் எட்டிக்கூடப் பார்க்காத ஆளுங்க இருக்காங்க. உள்ள தண்ணி புகுந்து நோட்டு கூழாயிருக்கும். என்னைப் பொறுத்தவரைக்கும் குப்பைக்கு இலக்கணம் இதுதான்: சொந்தக்காரன் மறந்துபோன பொருள் குப்பை. பராமரிக்கிற டப்பா குப்பை இல்லை. பராமரிக்காத டப்பா குப்பைதான், சந்தேகமே வேண்டாம்.

இதே அளவுகோலை மத்தவங்களுக்கும் வைங்கன்னுதான் கேக்குறேன். மக்மின்வில் பக்கத்துல எரட்டிக் ராக்னு ஒரு பாறை இருக்கு. பனியுக காலக் கடைசியில வந்த மிசூலா பெருவெள்ளம், ஒரு பனிப்பாறைக்குள்ள வச்சு வடக்கு ராக்கி மலையிலேர்ந்து கொண்டு வந்து இந்த மேட்டுல இறக்கிட்டுப் போன கல் அது. முதல்ல சுமார் 160 டன் இருந்ததாம். இன்னிக்கு இருக்கிறது 90 டன் போல. மிச்சம் எங்கே? பார்க்க வந்த ஜனங்க ஞாபகார்த்தமா உடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்கள்ல யாரையும் டப்பா பொறுக்கின்னு யாரும் சொல்லலை. டீசன்டான சுற்றுலாப் பயணிகள்!

குற்றச்சாட்டு 3: "இயற்கையை ரசிக்க ஜிபிஎஸ் எதுக்கு?"

இது மலையேற்ற மேதாவிகளோட குற்றச்சாட்டு. நாங்க மரத்தைப் பார்க்காம திரையைப் பார்க்கிறோமாம்.

அண்ணாச்சி, அந்த எரட்டிக் ராக் பத்தி எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கிறீங்க? பல வருஷமா அந்த 18-ம் நம்பர் நெடுஞ்சாலையில கடற்கரைக்குப் போயிட்டு வந்திருக்கேன். ஒரு நாள்கூட அந்த மேட்டுல ஏறினது கிடையாது. ஒரு எர்த்கேஷ் பின்னாடி போனப்பதான் ஏறினேன். எர்த்கேஷ்னா டப்பாவே கிடையாது. 2004-ல அமெரிக்கப் புவியியல் சங்கத்தோட துணையோட வந்த ஏற்பாடு. இடத்துக்குப் போகணும், அங்க இருக்கிற பாறையையோ மண்ணையோ உத்துப் பார்க்கணும், கேட்டிருக்கிற கேள்விக்குப் பதில் அனுப்பணும். இந்தக் கல்லோட நிறம் என்ன, சுத்தி இருக்கிற கல்லுலேர்ந்து எப்படி வேறுபடுது, இங்க எப்படி வந்திருக்கும்? டப்பாவும் வைக்கலை, குப்பையும் போடலை. கல்லுதான் புதையல்.

அந்தக் கல்லுல கையை வச்சுட்டு, கீழே யாம்ஹில் பள்ளத்தாக்கோட திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துட்டு, இத்தனை உயரத்துக்குத் தண்ணி நின்னிருக்குன்னு யோசிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்தச் சிலிர்ப்பு செயற்கைக்கோள் வழியா வந்ததால கலப்படமாயிடுமா? பெரிய அருவிக்குப் போற பாதையில ஸ்பீக்கரை அலற விட்டுட்டு, ஒரே பாறையில வரிசையில நின்னு ஒரே போஸ் கொடுத்துட்டு வர்றவங்க இயற்கை ரசிகர்கள், நான் மட்டும் கம்ப்யூட்டர் பைத்தியமா?

இன்னொண்ணு, இந்த வழக்கம் ஒண்ணும் ஜிபிஎஸ்ஸோட பிறந்தது இல்லை. 1854-லயே இங்கிலாந்தோட டார்ட்மூர் சதுப்புக்காட்டுல கிரான்மியர் குளத்துக்கிட்ட ஜேம்ஸ் பெரட்ங்கிற வழிகாட்டி ஒரு பாட்டிலை வச்சுட்டு வந்தார். கஷ்டப்பட்டு அதுவரைக்கும் நடந்து வந்தவங்க அதுல தங்களோட சீட்டைப் போட்டுட்டுப் போனாங்க. இத்தனை தூரம் வந்தேன்னு சொல்லிக்க ஆசைப்படுறது மனுஷ சுபாவம். மரத்துல கத்தியால பேரைச் செதுக்கிட்டுப் போறதுக்கு, டப்பாக்குள்ள பேனாவால எழுதிட்டுப் போறது எவ்வளவோ மேல்.

குற்றச்சாட்டு 4: "பார்த்தா சந்தேகமா இருக்கு"

இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தேன்.

முதல்ல நியாயமான பாதி. 2011-ல இங்கிலாந்தோட வெதர்பி ஊர்ல ஒரு காபிக் கடை வெளியில ஒருத்தர் பிளாஸ்டிக் டப்பாவை வச்சுட்டுப் போறதை யாரோ பார்த்து, வெடிகுண்டுப் படை வந்து, தெருவைக் காலி பண்ணி, டப்பாவை வெடிக்க வச்சாங்க. அங்க பயந்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆள் நடமாட்டம் இருக்கிற கடைத்தெருவுல அப்படி வைக்கிறது முட்டாள்தனம். "கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள்"னு ஒலிபெருக்கியில கேட்டு வளர்ந்தவன் நான். சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஒரு டப்பாவைச் செருகி வைக்க என் கை வராது, வரவும் கூடாது. பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியை காட்டுக்குள்ள வைங்க, ஊருக்குள்ள வைக்காதீங்கன்னு நானே சண்டை போட்டிருக்கேன்.

ஆனா பெரும்பாலான நேரம் சந்தேகப்படுறது டப்பாவை இல்லை, தேடுற ஆளை. 2005-ல தென் கரோலினா சட்டமன்றக் கீழவையில ஒரு மசோதா நிறைவேறியது. கல்லறையிலயும் வரலாற்றுச் சின்னங்கள்லயும் எழுத்துமூல அனுமதி இல்லாம ஜியோகேஷிங் பண்ணினா குற்றம்னு. மேலவையில நின்னு போச்சு, சட்டமாகலை. அனுமதி வாங்குன்னு சொல்றது நியாயம். ஆனா கவனிங்க, அங்க சேதம் பண்ணாதேன்னு மட்டும் எழுதலை. ஒரு பொழுதுபோக்கோட பேரைச் சொல்லி எழுதினாங்க. அதே கல்லறையில ஒருத்தன் கேமராவோட சுத்தினா அவன் வரலாற்று ஆர்வலன். ஜிபிஎஸ்ஸோட சுத்தினா குற்றவாளி.

இப்ப இதுக்கு மேல என் தோல் நிறத்தைச் சேர்த்துக்கோங்க.

போர்ட்லாந்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். ஒரு பூங்கா. மத்தியானம் ரெண்டு மணி. பெஞ்சுக்கு அடியில கையை விட்டுத் தடவிட்டு இருக்கேன். பத்து நிமிஷத்துல போலீஸ் கார். யாரோ எதிர் வீட்டுலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. வந்த அதிகாரி மரியாதையாத்தான் பேசினார். போனைக் காட்டினேன், பார்த்தார், சிரிச்சார், "குட் லக்"னு சொல்லிட்டுப் போயிட்டார். வேற ஒண்ணும் நடக்கலை. ஆனா அந்த மூணு நிமிஷமும் என் ரெண்டு கையும் அவர் கண்ணுல படுற மாதிரி வச்சுட்டு நின்னேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லலை. தானா வந்துச்சு.

என்னோட அடிக்கடி தேட வர்ற நண்பர் ஒருத்தர், வெள்ளைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அதே மாதிரி பெஞ்சு, அதே மாதிரி புதர். இத்தனை வருஷத்துல அவர்கிட்ட ஜனங்க வந்து கேட்ட ஒரே கேள்வி, "ஏதாவது தொலைச்சுட்டீங்களா? நான் உதவட்டுமா?" அவ்வளவுதாங்க வித்தியாசம். குனிஞ்சு தேடுற வெள்ளைத்தாத்தா எதையோ தொலைச்சவர். குனிஞ்சு தேடுற நான் எதையோ வைக்கிறவன்.

இதை நான் வீட்டுல சொன்னப்ப தங்கமணி சொன்னது, "ஏங்க, நம்ம கலருக்கு இதெல்லாம் தேவையா?" அவங்க பயத்துல அன்பு இருக்கு, அதுக்கு நான் கட்டுப்பட்டவன். அதனால இருட்டினப்புறம் தேடுறதில்லை, பள்ளிக்கூடம் பக்கம், வீடுகளுக்குப் பக்கம் இருக்கிறதைத் தொடுறதில்லை. ஆனா விருந்துல இதே வாக்கியத்தை நண்பர்கள் அறிவுரையா சொல்லும்போது எனக்குப் பத்திக்கிட்டு வருது. "நாம வந்த இடத்துல ஒழுங்கா இருந்துட்டுப் போகணும் பாஸ்."

ஒழுங்கா இருக்கிறதுன்னா என்ன? ஆபீஸ், கடை, வீடு, கோயில். நாலுக்கும் நடுவுல கார். வாங்குறதுக்கோ வேலை செய்யுறதுக்கோ போனா நாம நல்லவங்க. சும்மா ஒரு மரத்தடியில நின்னா சந்தேகக் கேஸ். இதை ஒருத்தர் நம்ம மேல திணிச்சா அது அநியாயம். ஆனா நாமளே, கேக்கிறதுக்கு முன்னாடியே, ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்குறோம். பொது இடத்துல காரணமில்லாம நிக்கிறதுக்கு எனக்கும் உரிமை இருக்கு. நான் கட்டுற வரியிலதான் அந்தப் பூங்காவோட புல்லையும் வெட்டுறாங்க.

அதனாலதான் இதை சின்னப்புள்ள விளையாட்டுன்னு சொன்னா கோபம் வருது. ஒரு ஊர்ல யாரெல்லாம் சின்னப்புள்ள மாதிரி விளையாடலாம், யாரெல்லாம் எப்பவும் காரணத்தோடதான் நடமாடணும்ங்கிற கேள்வி இந்த டப்பாவுக்குள்ளதான் இருக்கு. அந்தப் பூங்காவுக்கு அடுத்த வாரமே மறுபடி போனேன். அதே மத்தியானம் ரெண்டு மணிக்கு, தங்கமணியையும் கூட்டிக்கிட்டு. டப்பா கிடைச்சுது. பெஞ்சுக்கு அடியில இல்லை, பக்கத்துல இருந்த வேலியோட குழாய் மூடிக்குள்ள. நோட்டுல என் பேரைத் தமிழ்ல எழுதிட்டு வந்தேன்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. நீங்க இந்த விளையாட்டுக்கு வரணும்னு நான் கேக்கலை. பிடிக்கலைன்னா விடுங்க. ஆனா அடுத்த தடவை ஒரு ஆள் புதருக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கிறதைப் பார்த்தா, ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துட்டு போனை எடுக்காதீங்க. கதவைத் திறந்துட்டு வந்து, "என்னங்க தேடுறீங்க?"ன்னு கேளுங்க. அவர் எந்த நிறத்துல இருந்தாலும் சரி. நிச்சயமா பதில் சொல்லுவார். நிறுத்துறதுதான் கஷ்டம்.

பி.கு: ஹாரி பாட்டர் கதையில மந்திரம் தெரியாதவங்களுக்கு ஒரு பேரு உண்டு, மக்கிள். இந்த விளையாட்டு தெரியாதவங்களை நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். இதுவரைக்கும் படிச்சுட்டீங்க, இனிமே நீங்க மக்கிள் இல்லை. வாழ்த்துக்கள், ஹி ஹி.